‘அல்லாஹ் ஷிஃபா தருவான்’ என்று சொல்லும்போது நாம் என்ன சொல்கிறோம்?

நோயாளியின் கட்டிலருகே நிற்பவர் வாயில் முதலில் வரும் சொல் இது: “கவலைப்படாதீங்க, அல்லாஹ் ஷிஃபா தருவான்.” ஷிஃபா என்றால் குணம். சொல்வது எளிது. கேட்பவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதில்தான் சிக்கல். ஒருவர் “அப்படியானால் மருந்து எதற்கு?” என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார். இன்னொருவர் “ஐவேளையும் தொழுகிறேனே, எனக்கு ஏன் குணமாகவில்லை? என் ஈமானில், இறைநம்பிக்கையில் குறையா?” என்று நோயோடு குற்றவுணர்வையும் சேர்த்துச் சுமக்கிறார். மூன்றாமவர் ஓதித் தருபவரைத் தேடி ஊர் ஊராக அலைந்து கையிலிருப்பதை இழக்கிறார்.

மூவருக்கும் சொல் ஒன்றுதான். அது எதைக் குறிக்கிறது, அன்றாட வாழ்வில் எப்படிச் செயல்படுகிறது என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

உறை ஊற்றிய பால்

இரவில் பாலில் ஒரு கரண்டி உறை ஊற்றி மூடி வைக்கிறோம். காலையில் தயிர். இடையில் என்ன நடந்தது என்று எவரும் பார்க்கவில்லை. சத்தம் இல்லை, அசைவு இல்லை. ஆனால் வேலை முழுதாக முடிந்திருக்கிறது.

அல்லாஹ்வின் திருநாமங்களில் ஒன்றான ‘அல்லத்தீஃப்’ என்பதைப் புரிந்துகொள்ள இந்தப் பால் பாத்திரம் உதவும். லத்தீஃப் என்ற அரபுச் சொல்லில் இரண்டு பொருள்கள் பின்னிக் கிடக்கின்றன: நுட்பமானவன், மென்மையானவன். கண்ணுக்குத் தட்டாத அளவு நுணுக்கமாகக் காரியம் செய்பவன். அதைப் பரிவோடு செய்பவன். தமிழில் ‘மென்மையானவன்’ என்று மட்டும் எழுதிவிட்டால் பாதிப் பொருள் விடுபட்டுப் போகிறது.

குர்ஆனில் இந்தப் பெயர் 7 இடங்களில் வருகிறது. வானத்திலிருந்து மழை இறங்கிப் பூமி பசுமையாவதைச் சொல்லும் வசனம் (22:63) அவற்றில் ஒன்று. கடுகளவு பொருள் பாறைக்குள் இருந்தாலும் அதை அவன் வெளிக்கொண்டு வருவான் என்று லுக்மான் தன் மகனுக்குச் சொல்வது (31:16) இன்னொன்று. எல்லாவற்றிலும் ஆழமானது யூசுஃப் நபியின் வாயிலிருந்து வருவது. அண்ணன்மார் கிணற்றில் போட்டார்கள், அடிமையாக விற்கப்பட்டார், செய்யாத குற்றத்துக்குச் சிறையில் கிடந்தார். கடைசியில் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பில் அமர்ந்து, பெற்றோரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்துச் சொல்கிறார்: “என் இறைவன் தான் நாடியதை மிக நுட்பமாகச் செய்பவன்” (12:100). கிணற்றுக்குள் இருந்தபோது அந்த மென்மை அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. பால் உறைந்துகொண்டிருந்த நேரம் அது.

இதுவரை பார்த்தது: இறைவனின் மென்மை என்பது வலியே இல்லாத வாழ்வு என்று பொருள்படாது. பெரும்பாலும் சாதாரணப் பொருள்கள், சாதாரண மனிதர்கள், சாதாரண நாட்கள் வழியாக, ஓசையில்லாமல் வந்து சேரும் பரிவு அது.

கிணறும் வாளியும்

இப்ராஹீம் நபி சொன்னதாகக் குர்ஆன் ஒரு வரியைப் பதிவு செய்கிறது: “நான் நோயுற்றால் அவனே எனக்குக் குணமளிக்கிறான்” (26:80). “அவன் எனக்கு நோய் தந்தால்” என்று அவர் சொல்லவில்லை. நோயைத் தன்மீது போட்டுக்கொண்டு, குணத்தை மட்டும் இறைவனுக்குச் சேர்த்தார். பேச்சில் காட்டிய அதபு, மரியாதை. அந்தக் குணமளித்தலுக்குத்தான் ‘ஷிஃபா’ என்று பெயர். குணமளிப்பவன் ‘ஷாஃபீ’.

ஷாஃபீ அவன் ஒருவனே என்றால் மருத்துவர் யார்? மாத்திரை எதற்கு? கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. வாளியும் கயிறும் இல்லாமல் அது வீட்டுக்கு வராது. வாளியைத் தண்ணீரின் ஊற்று என்று எவரும் நினைப்பதில்லை, அதற்காக வாளியைத் தூக்கி எறிவதும் இல்லை. மருந்து, அறுவைச் சிகிச்சை, ஓய்வு, உணவு, துஆ (இறைவனிடம் வேண்டுதல்) எல்லாம் வாளிகள். இவற்றை ‘ஸபப்’ என்பார்கள். ஒரு காரியம் நடந்தேற இறைவன் ஏற்படுத்திய காரணம், வழி.

துஆவும் இந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். துஆ ஒரு பக்கம், மருந்து மறு பக்கம் என்று எதிரெதிரே நிறுத்துவதில்தான் பல வீடுகளில் தவறு தொடங்குகிறது.

அற்புதங்கள் நிகழ்ந்த இடங்களிலும் குர்ஆன் ஒரு சிறு முயற்சியைக் கேட்கிறது. ஈஸா நபியின் தாய் மர்யம் பிரசவ வேதனையில் பேரீச்ச மரத்தடியில் தனியே கிடக்கிறார். “மரத்தின் அடியை உன் பக்கம் குலுக்கு, கனிந்த பழங்கள் உதிரும்” என்று குரல் வருகிறது (19:25). பிரசவ வலியில் இருக்கும் பெண்ணின் குலுக்கலுக்குப் பேரீச்ச மரம் எவ்வளவு அசையும்? ஆனாலும் கையை வைக்கச் சொல்லப்பட்டது. நீண்ட காலம் துன்புற்ற அய்யூப் நபிக்கும் “உன் காலால் உதை, இதோ குளிர்ந்த குளிக்கும் நீர், குடிக்கும் நீர்” (38:42) என்றே விடை வந்தது.

‘தவக்குல்’: ஒட்டகத்தைக் கட்டிய பிறகு

தவக்குல் என்றால் பொறுப்பை இறைவனிடம் ஒப்படைப்பது. “ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கட்டுமா, அவிழ்த்துவிட்டு நம்பிக்கை வைக்கட்டுமா?” என்று ஒருவர் கேட்க, “கட்டு, பிறகு தவக்குல் வை” என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். நபிமொழித் தொகுப்பான திர்மிதீயில் இருக்கும் செய்தி. தவக்குல் மனத்தின் வேலை, கட்டுவது கையின் வேலை. ஒன்று மற்றதை ரத்து செய்வதில்லை.

அன்றைய ஆட்சியாளர் உமர் (ரலி) அவர்கள் படையினரைப் பார்க்க ஷாமுக்கு (சிரியாப் பகுதிக்கு) புறப்பட்டு ‘ஸர்கு’ என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகத் தகவல் வந்தது. திரும்பிவிட முடிவு செய்தார். “அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள்?” என்று நபித்தோழர் அபூ உபைதா (ரலி) கேட்டார். “ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கு ஓடுகிறோம்” என்றார் உமர். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு கரை பசுமை, மறு கரை வறட்சி. ஒட்டகத்தை எந்தக் கரையில் மேய்த்தாலும் அது விதிப்படிதானே என்று விளக்கினார். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் பரவினால் வெளியேறாதீர்கள் என்ற நபிமொழி அப்போது அங்கே எடுத்துச் சொல்லப்பட்டது. நோய் விதி என்றால் தடுப்பூசியும் விதிதான், பத்தியமும் விதிதான்.

“ஒவ்வொரு நோய்க்கும் மருந்து உண்டு, நோய்க்கேற்ற மருந்து பொருந்திவிட்டால் அல்லாஹ்வின் அனுமதியால் குணமாகும்” என்ற, ‘முஸ்லிம்’ என்னும் தொகுப்பில் உள்ள நபிமொழியில் ‘பொருந்துதல்’ என்ற சொல்லைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஏதோ ஒரு மருந்து போதாது. சரியான நோயறிதலும் சரியான அளவும் வேண்டும் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது.

சுருக்கமாக: குணமளிப்பவன் அவன், வழிகளை அமைத்தவனும் அவன். வழியைப் பிடிப்பது நம்பிக்கைக் குறைவு ஆகாது.

ஓதிப் பார்ப்பது: எப்படி, எதுவரை

குர்ஆன் வசனங்களையோ நபியவர்கள் கற்பித்த துஆக்களையோ ஓதி நோயாளிக்காக இறைவனிடம் கேட்பதற்கு ‘ருக்யா’ என்று பெயர். நம் ஊர்ப் பேச்சில் ‘ஓதிப் பார்ப்பது’.

இதற்குத் தனி ஆள் தேவையில்லை. நோயாளியே ஓதலாம், தாய் பிள்ளைக்கு ஓதலாம், மனைவி கணவனுக்கு ஓதலாம். ஆதாரம் வலுவாக உள்ள மூன்று முறைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

உடலில் வலி இருந்தால்: வலிக்கும் இடத்தில் கையை வைத்து “பிஸ்மில்லாஹ்” என்று 3 தடவை, பிறகு “அஊது பில்லாஹி வ குத்ரதிஹி மின் ஷர்ரி மா அஜிது வ உஹாதிர்” என்று 7 தடவை. ‘நான் உணரும், அஞ்சும் இதன் தீங்கிலிருந்து அல்லாஹ்விடமும் அவன் ஆற்றலிடமும் பாதுகாப்புத் தேடுகிறேன்’ என்பது பொருள். உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) தம் உடல் வலியைச் சொன்னபோது கற்றுத்தரப்பட்டது.

தூங்கும் முன்: இரு கைகளையும் சேர்த்து இக்லாஸ், ஃபலக், நாஸ் ஆகிய மூன்று சூராக்களையும் (குர்ஆன் அத்தியாயங்களையும்) ஓதி, கையில் மெல்ல ஊதி, தலை, முகம், உடலின் முன்பக்கம் தொடங்கி எட்டும் வரை தடவ வேண்டும். இப்படி 3 தடவை.

வீட்டில் ஒருவர் நோயுற்றால்: வலக்கையால் அவரைத் தடவியபடி “அல்லாஹும்ம ரப்பன்னாஸ், அத்ஹிபில் பஃஸ், இஷ்ஃபிஹி வ அன்தஷ் ஷாஃபீ, லா ஷிஃபாஅ இல்லா ஷிஃபாஉக, ஷிஃபாஅன் லா யுகாதிரு ஸகமா” என்று கேட்பது. ‘மனிதர்களின் இறைவா, துன்பத்தைப் போக்கு, குணமளி, நீயே குணமளிப்பவன், உன் குணமன்றி வேறு குணமில்லை, நோயை மிச்சம் வைக்காத குணத்தைக் கொடு.’ (நோயாளி பெண் என்றால் இஷ்ஃபிஹி என்பது ‘இஷ்ஃபிஹா’ ஆகும்.) இந்த துஆவை நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். சொற்களைப் போலவே அந்தக் கையும் முக்கியம் என்று தோன்றுகிறது. நாள்பட்டுப் படுத்திருப்பவரை அன்போடு தொடுபவர்கள் நாளுக்கு நாள் குறைந்துபோகிறார்கள். இந்த சுன்னத்து (நபிவழி) ஒரு கையை அவர் மேல் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறது.

எல்லை எங்கே? மார்க்க அறிஞர்கள் மூன்று நிபந்தனைகள் வைத்திருக்கிறார்கள். ஓதப்படுவது அல்லாஹ்வின் வசனமாகவோ அவன் பெயர்களாகவோ இருக்க வேண்டும். அரபியிலோ பொருள் புரியும் மொழியிலோ இருக்க வேண்டும். ஓதுதல் தன்னளவில் குணமாக்குகிறது என்று நம்பக்கூடாது, குணமாக்குபவன் அவன்தான். இவற்றை வைத்து எவரையும் அளந்துவிடலாம். புரியாத முணுமுணுப்பு, தாயின் பெயர் கேட்பது, கறுப்புக் கோழி கேட்பது, “உங்கள் சொந்தக்காரர்தான் செய்வினை வைத்திருக்கிறார்” என்று ஆள் காட்டுவது, நோயாளியை அடிப்பது, மருந்தை நிறுத்தச் சொல்வது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். பெண்ணைத் தனியறையில் உட்காரவைப்பது எந்த ருக்யாவிலும் இல்லை. தாயத்து குறித்து, குர்ஆன் வசனம் மட்டும் எழுதியிருந்தாலும் கட்டலாமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கட்டமும் எண்ணும் விளங்காத பெயர்களும் எழுதியதை ஏற்பவர்கள் அவர்களில் இல்லை.

சட்டத்துக்குள் வைக்கப்பட்ட பரிவு

இறைவனின் மென்மையைத் தேடுபவர்கள் கனவிலும் அனுபவத்திலும் தேடுகிறார்கள். அது ஃபிக்ஹு என்னும் மார்க்கச் சட்டத்தின் உள்ளேயே, அளவோடும் முறையோடும் எழுதிவைக்கப்பட்டிருப்பதைக் கவனிப்பதில்லை. அதற்கு ‘ருக்ஸா’ என்று பெயர்: சிரமம் வந்தால் கடமையை இலேசாக்கும் சலுகை. “அல்லாஹ் உங்களுக்கு எளிதையே நாடுகிறான்” (2:185) என்ற வசனமும் நோன்பில் நோயாளிக்குத் தந்த சலுகையை ஒட்டியே வருகிறது.

சலுகையை மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் ஒரு நிகழ்ச்சி. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம். குளிப்புக் கடமையானது. தண்ணீருக்குப் பதில் மண்ணால் தூய்மை செய்யும் தயம்மும் செய்யலாமா என்று கேட்டார். உடனிருந்தவர்கள் “உனக்குச் சலுகை இல்லை” என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். கேள்விப்பட்ட நபி (ஸல்) அவர்கள் “அவரைக் கொன்றுவிட்டார்கள்” என்று கடிந்தார்கள். “அறியாமைக்கு மருந்து கேட்டுத் தெரிந்துகொள்வதுதானே” என்றார்கள். அன்பே உருவானவர் என்று நாம் அறியும் ஒருவரிடமிருந்து இவ்வளவு கடுமையான சொல் வந்தது, மார்க்கத்தின் பெயரால் நோயாளியிடம் காட்டப்பட்ட கடுமையைக் குறித்து.

தயம்மும்: தண்ணீர் இல்லை, அல்லது தண்ணீர் பட்டால் நோய் கூடும் என்றால் சுத்தமான மண்ணால் செய்வது. நிய்யத்து (மனத்தில் எண்ணம்) வைத்து, உள்ளங்கைகளை மண்ணில் தட்டி, மிகுதியை ஊதிவிட்டு முகத்தைத் தடவ வேண்டும். மறுபடி தட்டி இரு கைகளையும் முழங்கை வரை. ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் (சட்டப் பிரிவுகளிலும்) இதுவே முறை. ஒரே தட்டு, முகமும் மணிக்கட்டு வரையும் போதும் என்பாரும் உண்டு. தமிழ்நாட்டுக் கடலோர ஊர்களிலும் இலங்கையிலும் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் புழுதி உள்ள மண் வேண்டும். ஆஸ்பத்திரியின் வழவழப்பான டைல்ஸ் சுவரைத் தட்டுவது போதாது. ஒரு சிறு பையில் உலர்ந்த சுத்தமான மண்ணை வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

தொழுகை: மூல நோயால் அவதிப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது: “நின்று தொழு, முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் விலாப்புறம் படுத்து.” உட்கார்ந்து சைகையால் தொழுபவர் ருகூவுக்கு (குனிதலுக்கு) குனிவதைவிட சுஜூதுக்கு (நெற்றி வைத்தலுக்கு) சற்று அதிகம் குனிய வேண்டும். தலையணையைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நோன்பு: குணமாகக்கூடிய நோய் என்றால் விட்ட நாட்களைப் பிறகு நோற்க வேண்டும், இது களா. குணமாகும் நம்பிக்கை இல்லாத நோயாளியும் தள்ளாத முதியவரும் ஒரு நாளைக்கு ஓர் ஏழைக்கு உணவளிப்பது ஃபித்யா. ஷாஃபி மத்ஹபில் ஒரு நாளுக்கு ஒரு ‘முத்து’ தானியம், அதாவது இரு கை சேர்த்து அள்ளும் அளவு. அரிசியில் 600 முதல் 750 கிராம் வரை கணக்கிடுகிறார்கள். ஹனஃபியில் அரை ‘ஸாஉ’ கோதுமை, 1.6 கிலோவுக்குக் குறையாமல். குணமாகிவிடும் நோயுள்ளவர் களா நோற்காமல் ஃபித்யாவைக் கொடுத்து முடித்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. அது செல்லாது.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதும் இன்சுலின் ஊசியும் நோன்பை முறிக்காது என்பதே இன்றைய அறிஞர்களில் பெரும்பாலோரின் தீர்ப்பு. ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்பின்போது சர்க்கரை அளவு (மி.கி./டெ.லி.) 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேல் ஏறினாலோ நோன்பை உடனே விட வேண்டும். நோன்பு திறக்கும் மஃரிபுக்கு (சூரியன் மறையும் நேரம்) இன்னும் கால் மணி நேரம்தானே என்று காத்திருக்கக் கூடாது. தாழ்சர்க்கரை மயக்கத்துக்கு அந்தக் கால் மணி நேரமே போதும். நோன்பு திறக்கும் பேரீச்சம்பழத்தை அசருக்கே (பிற்பகலிலேயே) வாயில் போடுபவர் எதையும் இழக்கவில்லை. ஓர் அடியார் நோயுற்றால், நலமாக இருந்தபோது செய்துவந்த அமல்கள் (நற்செயல்கள்) அப்படியே அவருக்கு எழுதப்படுகின்றன என்று புகாரி நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது.

தேன், கருஞ்சீரகம், கஞ்சி

தேனில் மனிதர்களுக்கு ஷிஃபா இருக்கிறது என்று குர்ஆன் சொல்கிறது (16:69). எல்லாருக்கும், எல்லா நோய்க்கும், எந்த அளவிலும் என்று சொல்லவில்லை. 1 வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆபத்து. பொட்டுலிசம் என்ற நச்சுநோய் வரலாம். சர்க்கரை நோயாளிக்குத் தேனும் சர்க்கரைதான். கருஞ்சீரகம் பற்றிய நபிமொழியையும், எல்லா நோய்க்கும் அது ஒன்றே போதும் என்று பழைய உரையாசிரியர்கள் அனைவரும் புரிந்துகொள்ளவில்லை. குறிப்பிட்ட வகை நோய்களுக்கு என்று விளக்கியவர்கள் உண்டு. புற்றுநோய் சிகிச்சையை நிறுத்திவிட்டுக் கருஞ்சீரக எண்ணெய்க்கு மாறுபவர் நபிமொழியைப் பின்பற்றுவதாக நினைக்கிறார். ‘மருந்து பொருந்த வேண்டும்’ என்ற இன்னொரு நபிமொழியை விட்டுவிடுகிறார்.

இவற்றைவிடக் குறைவாகப் பேசப்படுவது ‘தல்பீனா’. பார்லி மாவில் காய்ச்சும் நீர்த்த கஞ்சி. வீட்டில் மரணம் நிகழ்ந்து, வந்தவர்கள் கலைந்து, குடும்பத்தார் மட்டும் எஞ்சும்போது ஆயிஷா (ரலி) அதைக் காய்ச்சச் சொல்வார்கள். “தல்பீனா நோயாளியின் நெஞ்சுக்கு இதம் தரும், துக்கத்தில் கொஞ்சத்தைப் போக்கும்” என்று நபியவர்கள் சொல்லக் கேட்டதாகச் சொல்வார்கள். ‘கொஞ்சத்தை’ என்ற சொல்லில் இருக்கும் நேர்மையைப் பாருங்கள். துக்கம் முழுதும் போய்விடும் என்று வாக்குத் தரவில்லை.

செய்முறை: 2 மேசைக்கரண்டி பார்லி மாவை ஒன்றரைக் கோப்பை குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். சுடுநீரில் மாவைக் கொட்டினால் கட்டி விழும். சிறு தீயில் விடாமல் கிளறி 10 நிமிடம் காய்ச்சி, அரைக் கோப்பை பால் சேர்த்து இறக்கி, சூடு சற்று தணிந்ததும் ஒரு கரண்டி தேன். கரண்டியிலிருந்து ஒழுகும் பதம் வேண்டும். நம் நோன்புக் கஞ்சியைவிட நீர்த்தே இருக்கும். பால் போன்ற வெண்மை காரணமாகத்தான் அந்தப் பெயர். ‘லபன்’ என்றால் பால்.

மனம் நோகும்போது

“ஈமான் இருந்தால் மனச்சோர்வு வராது” என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. மகனைப் பிரிந்த யஅகூப் நபியின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப்போயின என்று குர்ஆனே சொல்கிறது (12:84). அவர் ஈமான் குறைந்தவரா? தம் குழந்தை இப்ராஹீம் மரணப் படுக்கையில் இருந்தபோது நபி (ஸல்) அவர்கள் அழுதார்கள். கண் கலங்குகிறது, நெஞ்சு வருந்துகிறது, ஆனால் இறைவனுக்குப் பிடித்ததைத் தவிர வேறெதையும் சொல்லமாட்டோம் என்றார்கள்.

அவர்கள் வழக்கமாகக் கேட்ட துஆ ஒன்றில் ‘ஹம்மு’, ‘ஹஸன்’ இரண்டிலிருந்தும் பாதுகாப்புத் தேடினார்கள். வரப்போவதை எண்ணிய கவலை ஹம்மு. நடந்துபோனதை எண்ணிய துயரம் ஹஸன் என்று பிரித்து விளக்குவார்கள். தனித்தனியே பெயர் சொல்லிக் கேட்கும் அளவுக்கு அவை மதிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் ஈடுபாடும் இல்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். ‘இல்லாமலே இருந்தால் தேவலை’ என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே. அதுவும் வாளிதான்.

நோய் விசாரிக்கப் போகிறவருக்கு

மறுமையில் அல்லாஹ் கேட்பான்: “ஆதமின் மகனே, நான் நோயுற்றிருந்தேன், நீ என்னைப் பார்க்க வரவில்லையே.” “நீ அகிலத்தின் இறைவனாயிற்றே, உன்னை நான் எப்படி விசாரிப்பேன்?” என்று அடியான் கேட்பான். “என் இன்ன அடியான் நோயுற்றிருந்தான், அவனைப் பார்க்கப் போயிருந்தால் அங்கே அவனிடம் என்னைக் கண்டிருப்பாய்.” முஸ்லிம் தொகுப்பில் உள்ள ஹதீஸ் (நபிமொழி) இது. அதே ஹதீஸில் பசித்தவனும் தாகித்தவனும் வருகிறார்கள். அவர்களுக்குக் கொடுத்திருந்தால் ‘அதை என்னிடம் கண்டிருப்பாய்’ என்று வருகிறது. நோயாளியின் விஷயத்தில் மட்டும் ‘என்னையே கண்டிருப்பாய்’.

ஆகவே போகும்போது கவனமாகப் போக வேண்டும். கை கழுவிவிட்டு உள்ளே போங்கள். உங்களுக்குச் சளி என்றால் இன்னொரு நாள் போகலாம். “லா பஃஸ, தஹூருன் இன்ஷா அல்லாஹ்” என்று சொல்லுங்கள்: பரவாயில்லை, அல்லாஹ் நாடினால் இது தூய்மையாக்கும். எந்தப் பாவத்துக்கு இந்த நோய் என்று ஆராய வேண்டாம். இதே நோயில் இறந்துபோன உறவினர் கதை வேண்டாம். அவர் கேட்காமல் மருந்து சொல்ல வேண்டாம். தலைமாட்டில் உட்கார்ந்து “அஸ்அலுல்லாஹல் அளீம், ரப்பல் அர்ஷில் அளீம், அன் யஷ்ஃபியக” என்று 7 தடவை கேளுங்கள். மகத்தான அர்ஷின் (அரியணையின்) இறைவனாகிய மகத்தான அல்லாஹ்விடம் உமக்குக் குணமளிக்கக் கேட்கிறேன் என்று பொருள். பெண்ணிடம் சொல்லும்போது ‘யஷ்ஃபியகி’. மாத்திரை போட்டாயிற்றா, கூட இருப்பவர் சாப்பிட்டாரா என்று விசாரியுங்கள். கூட இருப்பவர் குளித்துவிட்டு வரும்வரை அவர் இடத்தில் இருங்கள். பிறகு நோயாளி தூங்கட்டும் என்று எழுந்து வாருங்கள்.